ஓலை ஓட்டையில் ஒரு கண்

கண் வரையக் கற்றுக்கொள்ளத்தான் பொன்னுலிங்கம் குருவம்மாளிடம் வந்தார். சந்தேகப்படக் கற்றுக்கொள்ள அவருக்கு ஆசிரியர் தேவைப்படவில்லை. அது அவருடைய முப்பது வருஷத் தொழில்.

கடலோரத்து உப்பளம் ஒன்றில் அவர் கண்காணியாக இருந்தவர். பாத்தியில் உப்பு வாருகிற பெண்கள் குனிந்த முதுகை நிமிர்த்துகிறார்களா, நிமிர்த்தினால் எவ்வளவு நேரம் நிமிர்த்துகிறார்கள் என்று பார்ப்பதுதான் வேலை. முட்டி தேய்ந்து வரப்பில் நடக்க முடியாமல் போனபோது வேலையை விட்டார். பார்ப்பதை விடவில்லை.

குருவம்மாளுக்கு வயது முப்பத்தொன்று, அவருக்கு ஐம்பத்தெட்டு. அளத்தை ஒட்டி உப்பு மூட்டை அடுக்கும் பழைய கிட்டங்கி ஒன்று சும்மா கிடந்தது. அதைக் கூட்டிப் பெருக்கி, குருவம்மாள் அங்கே படம் வரைந்துகொண்டிருந்தார். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை நாலைந்து பேருக்குக் கற்றுக்கொடுப்பார். "பேருலயே குரு இருக்கு, வேற என்ன பட்டம் வேணும்?" என்று ஊர் கேலி பேசும். அவரும் சிரித்துக்கொள்வார்.

பொன்னுலிங்கத்துக்கு அந்தச் சிரிப்பின் மேலும் ஒரு சந்தேகம் இருந்தது.

வகுப்பில் நாலு மாதமாக ஒரே பாடம். ஆளுக்கு ஒரு கைக்கண்ணாடி, ஒரு கரித்துண்டு. கண்ணாடியில் தெரிகிற சொந்தக் கண்ணை வரைய வேண்டும். மூக்கு வேண்டாம், வாய் வேண்டாம், இடது கண் மட்டும்.

ஒருநாள் குருவம்மாள் அவருடைய தாளை எட்டிப் பார்த்தார்.

"விழியில வெள்ளை எங்க அண்ணாச்சி?"

"இந்தா இருக்குல்லா. தாளை அப்படியே விட்டிருக்கேன்."

"தாள்தான் வெள்ளை. விழி அவ்வளவு வெள்ளை இல்ல. மேல் இமை நிழல் அதுமேல விழும். லேசா கரியைத் தீத்துங்க."

"பேரே வெள்ளைவிழிதானே டீச்சர்?"

"பேரை வரையாதீங்க. பாத்ததை வரையுங்க."

பொன்னுலிங்கம் கரியைத் தீற்றினார். கண் உருண்டு திரண்டு வந்தது. அதுவும் அவருக்கு உறுத்தியது. இவ்வளவு லேசான விஷயத்தை இந்தம்மா ஏன் நாலு மாதம் கழித்துச் சொல்கிறார்? இன்னும் எதையெல்லாம் ஒளித்து வைத்திருக்கிறார்?

அவருக்குக் கற்றுக்கொள்ள ஆசை இருந்தது ஒரே ஒரு கண்தான். பொறுக்க மாட்டாமல் அதைக் கேட்டே விட்டார்.

"டீச்சர், திருட்டு முழி எப்படி வரையணும்?"

குருவம்மாள் தாளை எடுத்து இரண்டு கண்கள் வரைந்தார். ஒன்றில் கருவிழியின் கால்வாசியை மேல் இமை மூடியிருந்தது. இன்னொன்றில் கருவிழி எந்த இமையையும் தொடவில்லை. மேலும் கீழும் வெள்ளை தெரிய நடுவில் தனியாக நின்றது.

"இதுல எது?"

"இதுதான்," பொன்னுலிங்கம் இரண்டாவதைத் தட்டினார். "சந்தேகமே இல்ல. எத்தனை பேரைப் பாத்திருக்கேன்."

"இது பல்லு புடுங்கப் போன பிள்ள அண்ணாச்சி. எங்க தெரு."

"அப்ப அது?"

"அதுவும் அவதான். புடுங்கின பெறகு."

பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். பொன்னுலிங்கம் சிரிக்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் மழுப்புகிற ஆளைக் கண்டால் அவருக்கு ஆகாது. மழுப்புகிறவரிடம் மறைக்க ஏதோ இருக்கிறது என்பது அவர் அனுபவம்.

இது நடந்து பத்து நாள் இருக்கும்.

வாரி முடித்த பெண்கள் உடம்பிலுள்ள உப்பைக் கழுவ அளத்தில் ஓலை மறைப்பு ஒன்று இருந்தது. கழுவாமல் வீட்டுக்கு நடந்தால் வெயிலில் தோல் வெடிக்கும். அன்று முற்பகல் பதினோரு மணிக்கு மாரிக்கனி தனியாகக் குளித்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது, அளத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தலையிலிருந்து தண்ணீர் வழிய நிமிர்ந்தபோது ஓலையில் இருந்த ஓட்டையில் ஒரு கண் தெரிந்தது.

கையிலிருந்த சோப்புத் தண்ணீரை அதன் மேல் அடித்தாள். கத்தினாள். சேலையைச் சுற்றிக்கொண்டு வெளியே ஓடி வருவதற்குள் அங்கே யாரும் இல்லை.

மறுநாள் அளத்து மேனேஜர் அவளைக் கூட்டிக்கொண்டு கிட்டங்கிக்கு வந்தார்.

"டீச்சர், இவ சொல்லச் சொல்ல நீங்க அந்தக் கண்ணை வரைஞ்சு குடுத்தாப் போதும். சாயங்காலத்துக்குள்ள ஆளைத் தூக்கிருவோம்."

குருவம்மாள் மாரிக்கனியை உட்காரச் சொன்னார். "என்னம்மா பாத்த?"

"கண்ணு."

"எப்படி இருந்துச்சு?"

"எப்படின்னா? ஓட்டையில ஒரு கண்ணு. என்னையப் பாத்துச்சு."

"பெருசா, சின்னதா? புருவம் தெரிஞ்சுதா? வயசாளி மாதிரியா, எளவட்டமா?"

"ஓட்டையே இத்தனூண்டுதான் அக்கா. புருவம் எங்க தெரியும்? நான் என்ன அதை வரையவா பாத்துக்கிட்டு நின்னேன்?"

"சரிதான்," என்றார் குருவம்மாள். மேனேஜரிடம் திரும்பினார். "இதை வச்சு என்னால வரைய முடியாது."

"கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் பரவால்ல."

"பிடிக்கப் போறது ஒரு ஆளை. அதுல என்ன முன்னப்பின்ன?"

மாரிக்கனிக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப விட்டுரச் சொல்லுதியளாக்கா?"

"விடச் சொல்லல. வரையத் தெரியலன்னு சொல்லுதேன்."

மூலையில் கரித்துண்டோடு உட்கார்ந்திருந்த பொன்னுலிங்கத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

வரையத் தெரியவில்லையாம்! இறந்துபோனவர்களின் முகத்தைச் சொந்தக்காரர்கள் சொல்லக் கேட்டே வரைந்து கொடுத்த கை அது. இந்தம்மா யாரையோ காப்பாற்றுகிறார். யாரை? தினமும் கிட்டங்கிக்கு இரண்டு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைப்பவன் யார்? கொம்பையா. அளத்தில் மூட்டை தூக்குகிறவன், இருபத்திரண்டு வயது. குருவம்மாள் அவனைத் தம்பி என்று கூப்பிட்டு டீ கொடுப்பார். பொன்னுலிங்கம் கண்காணியாக இருந்த கடைசி வருஷத்தில், உப்புக் குவியலின் நிழலில் தூங்கிக்கொண்டிருந்தவனைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறார். அன்றைக்கு அவன் முழித்த முழி இன்னும் அவருக்கு நினைவிருக்கிறது.

டீச்சர் வரையாவிட்டால் என்ன, நான் வரைகிறேன் என்று வீட்டுக்குப் போனார். சாப்பிடக்கூட இல்லை, தாளை விரித்து உட்கார்ந்தார்.

அவருக்கே ஆச்சரியம். கை எங்கும் தயங்கவில்லை. மேல் இமையின் மடிப்பு, அதன் நிழல், கீழ் இமை ஓரத்து ஈரக்கோடு, வேரில் தடித்து நுனியில் மெலிகிற முடிகள், கடைக்கண்ணில் மூன்று சுருக்கங்கள், கருவிழியில் ஒரு பொட்டு வெளிச்சம். எட்டிப் பார்க்கிற கண் என்பதால் லேசாகச் சுருக்கினார். வெயில் தாழ்வதற்குள் அந்தக் கண் தாளைவிட்டு எழும்பி அவரைப் பார்த்தது. நாலு மாதத்தில் இப்படி ஒன்று அவருக்கு வந்ததே இல்லை.

மேனேஜர் படத்தைப் பார்த்து அசந்துபோனார்.

"உசுரு இருக்குய்யா இதுல! இது யாரு?"

"கொம்பையா மாதிரி இல்ல?" என்றார் பொன்னுலிங்கம்.

மேனேஜர் மறுபடி பார்த்தார். சொன்ன பிறகு எப்படித் தெரியாமல் போகும்?

மறுநாள் வேலை முடிகிற நேரம் கொம்பையாவைத் தோளைப் பிடித்து ஓலை மறைப்புக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அளத்து ஆட்கள் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். மேனேஜர் படத்தை அவன் முகத்தருகே வைத்துப் பிடித்தார். கொம்பையா இமைக்க மறந்து முழித்தான்.

"பாத்தீங்களா, அதே முழி. கண்ணு செவந்து வேற கிடக்கு. சோப்புத் தண்ணி!" என்றார் பொன்னுலிங்கம்.

"அளத்துல எவன் கண்ணு செவக்காமக் கிடக்கு?" கூட்டத்தில் ஒரு குரல். "ஒம்ம கண்ணையும் பாரும் வே."

"படத்துல கண்ணு சுருங்கியிருக்கு," என்றாள் மாரிக்கனி. "இவன் முழிக்கான். ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?"

"மாட்டிக்கிட்டதும் மாத்திட்டான்," என்றார் மேனேஜர். "நாளையிலருந்து அளத்துப் பக்கம் நீ வரக் கூடாது. ஒங்க அம்மாவும்தான்."

கொம்பையாவின் அம்மா தலையில் கூடையோடு அப்படியே நின்றாள். இந்தக் காரணம் சொல்லி விரட்டப்பட்டவனை அந்தக் கடற்கரையில் எந்த அளமும் சேர்க்காது. அது அவளுக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும்.

அப்போதுதான் குருவம்மாள் வந்து சேர்ந்தார். படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு அண்ணாச்சி."

பொன்னுலிங்கம் உஷாரானார். இந்த நேரத்தில் என்ன பாராட்டு?

"எதைப் பாத்து வரைஞ்சீங்க?"

"எதையும் பாக்கல. மாரிக்கனி சொன்னதை வச்சு வரைஞ்சேன். நீங்க மாட்டேன்னுட்டீங்க. ஏன்னுதான் தெரியல." கடைசி வாக்கியத்தைக் கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"கடைக்கண்ணுல எத்தனை சுருக்கம்னு சொன்னா மாரிக்கனி?"

"அதெல்லாம் சொல்லணுமா? வரையும்போது தானா வந்துச்சு."

"தானா வந்துச்சா," என்றார் குருவம்மாள். பிறகு மேனேஜரைப் பார்த்தார். "அந்தப் பிள்ளை கண்ணை ஓட்டையிலதானே பாத்தா? நீங்க வெட்டவெளியில காட்டுதீங்க. ஓட்டைக்கு வெளிப்பக்கம் படத்தைப் பிடிப்போம். பெண்ணாப்பட்டவங்க ஒவ்வொருத்தரா உள்ள போய்ப் பாக்கட்டும்."

"மாரிக்கனி ஒருத்தி பாத்தாப் போதாதா?"

"எல்லாரும் குளிக்கிற எடம்தானே?"

மேனேஜர் தலையாட்டினார். பொன்னுலிங்கத்துக்கு மட்டும் இதில் ஏதோ சூது இருப்பதாகப் பட்டது. யாரையும் நம்பாமல், படத்தைத் தானே வாங்கிக்கொண்டார். மறைப்புக்குப் பின்னால் போய், ஓலை ஓட்டையோடு வரைந்த கண் சரியாகப் பொருந்தும்படி தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து அவருக்கு ஓலைதான் தெரிந்தது. உள்ளே பேசுவது கேட்கும்.

முதலில் மாரிக்கனி போனாள்.

"ம்ம்... கண்ணு மாதிரிதான் இருக்கு."

"அன்னிக்குப் பாத்ததா?" மேனேஜர் வெளியிலிருந்து கேட்டார்.

"அது தெரியல. தெரியாததைத் தெரியும்னு சொல்ல மாட்டேன். எவனைப் பிடிச்சாலும் சரின்னு நான் சொன்னேனா? அவன் வேணும் எனக்கு."

அடுத்துப் பேச்சித்தாய். அந்த அளத்தில் இருபத்தேழு வருஷம் உப்பு வாரியவள். சலித்துக்கொண்டே உள்ளே போனாள்.

"எங்கிட்டுளா இருக்கு? ஒண்ணையும் காணுமே. இந்தா..."

பேச்சு நின்றது. ஓலை சரசரத்தது.

"இந்தா எந்திரிச்சிட்டேன் கண்காணி! தல தொவட்டத்தான் உக்காந்தேன், இந்தா வந்துட்டேன்!"

பேச்சித்தாய் முந்தானையை அள்ளிச் செருகிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். உப்பு வாருகிற பலகையைக் கை தேடியது. நாலெட்டு வைத்த பிறகுதான் கூட்டத்தைப் பார்த்தாள். நின்றாள். தலையில் கை வைத்தாள்.

"ஐய! வாய் தானா சொல்லிட்டு."

யாரும் சிரிக்கவில்லை.

தள்ளி வண்டியடியில் நின்றிருந்த இன்னொரு பழைய ஆளான ஆவுடைத்தங்கத்தைக் கூப்பிட்டார்கள். அவளுக்கு இங்கே நடந்தது எதுவும் கேட்டிருக்காது. உள்ளே போனவள் சத்தம் போடவில்லை. வெளியே வந்தபோது சேலை கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருந்தது. அந்த வெயிலில்.

"ஏன் சார்," என்றாள் மேனேஜரிடம். "அவரு வேலையை விட்டுட்டாருன்னுல்லா சொன்னீங்க?"

அதற்குப் பிறகு யாரும் உள்ளே போகவில்லை.

"சித்தி," மாரிக்கனி பேச்சித்தாயின் கையைப் பிடித்தாள். "கண்காணி இங்கயா வந்து பாப்பாரு?"

"குளிக்கோமா, குளிக்கேன்னு சொல்லிட்டு உக்காந்திருக்கோமான்னு பாப்பாரு."

"எத்தனை வருஷமா?"

"நான் வந்ததுலருந்து."

"நீங்க யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"யாருகிட்டளா சொல்ல? எதுன்னாலும் கண்காணிகிட்டதான் சொல்லணும்."

ஓலை ஓட்டையிலிருந்து தாள் விலகியது. பொன்னுலிங்கம் அதைப் பிடித்தபடியே சுற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"அன்னிக்கு நான் வகுப்புல இருந்தேன்! டீச்சரைக் கேளுங்க. பத்துலருந்து பன்னெண்டு வரை அவங்க எதுக்கதான் உக்காந்திருந்தேன்!"

"இருந்தாரு," என்றார் குருவம்மாள். "அன்னிக்குப் பாத்தது அவரு இல்ல. நாலு மாசமா தன் கண்ணையே வரைஞ்ச கை. வேற கண்ணு அதுக்குத் தெரியாது."

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு. பொன்னுலிங்கம் குனிந்து படத்தைப் பார்த்தார். மூன்று சுருக்கங்கள். தன் கடைக்கண்ணைத் தொட்டுப் பார்க்க விரல் எழுந்தது. பாதியிலேயே இறக்கிக்கொண்டார்.

மேனேஜர் கொம்பையாவின் தோளிலிருந்து கையை எடுத்தார். "அப்ப அந்த ஆள் யாரு?"

"தெரிஞ்சா நானே இழுத்துட்டு வருவேன்," என்றாள் மாரிக்கனி. "அதுவரைக்கும் எவன் கண்ணையும் எடுத்து வந்து எங்களுக்குக் காட்ட வேண்டாம். இந்த ஓலையைப் பிரிச்சுப் போட்டுட்டு, சுவர் வைங்க. ஆள் ஒசரத்துக்கு மேல."

"மொதலாளிகிட்ட கேக்கணும்."

"கேளுங்க. நாங்க உக்காந்திருக்கோம்."

வரப்பில் உட்கார்ந்தாள். பேச்சித்தாய் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொம்பையாவின் அம்மா கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். ஒருவர் பின் ஒருவராக முழு வரப்பும் உட்கார்ந்தது. முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தவர்களை அதட்ட அன்றைக்கு யாரும் துணியவில்லை.

நாலாம் நாள் செங்கல் வந்து இறங்கியது. சுமந்தவர்களில் கொம்பையாவும் இருந்தான்.

அந்த வாரம் முழுக்கப் பொன்னுலிங்கம் வகுப்புக்கு வரவில்லை. அடுத்த வாரம் வந்தார். மற்றவர்கள் போய்விட்ட நேரமாகப் பார்த்து வந்தார். குருவம்மாள் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உள்ள வரலாமா டீச்சர்?"

"வாங்க அண்ணாச்சி."

உட்கார்ந்தார். கைக்கண்ணாடியை எடுத்துக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"எல்லாம் தெரிஞ்சுதான் என்னைய அங்க நிக்க வச்சீங்களா?"

"உங்க கண்ணுன்னு படத்தைப் பாத்ததும் தெரிஞ்சுது. அந்தப் பொம்பளைங்களுக்கு அதைத் தெரியும்னு எனக்குத் தெரியாது."

அவர் நம்பினாரா என்று சொல்வதற்கில்லை.

"நான் ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"சத்தியமாச் சொல்லுதேன் டீச்சர். ஒரு நாள்கூட என் மனசுல தப்பான எண்ணம் கிடையாது. வேலை நடக்குதான்னு பாத்தேன், அவ்வளவுதான். நமக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்கு. அந்த எண்ணத்தைக் கண்ணுல கொண்டுவர முடியாதா? பாத்த ஒடனே, இவன் நல்ல எண்ணத்தோடதான் பாக்கான்னு தெரியிற மாதிரி ஒரு கண்ணு வரைய எனக்குச் சொல்லிக்குடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். அதை அவங்ககிட்ட காட்டணும்."

குருவம்மாள் புதுத் தாள் ஒன்றை எடுத்தார். நடுவில் விரலை விட்டு ஓட்டை போட்டார். இரண்டு கையாலும் அதைத் தன் முகத்துக்கு முன் பிடித்துக்கொண்டு, அவருக்கு எதிரே ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்தார்.

தாளின் நடுவில் ஒரு கண்.

பொன்னுலிங்கம் அதைப் பார்த்தார். மேல் இமையின் நிழல் வெள்ளைவிழியில் சாம்பலாக விழுந்திருந்தது. கீழ் இமையில் ஈரக்கோடு. அது அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நேராக உட்கார்ந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இவள் எதை நினைத்துக்கொண்டு இப்படிப் பார்க்கிறாள்? என்னைக் கேலி செய்கிறாளா? வெளியே போ என்கிறாளா? என்னிடம் எதைத் தேடுகிறாள்? நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். சுவர் இடித்தது.

"போதும் டீச்சர்."

கண் அசையவில்லை.

"எடுத்துருங்க அதை. என்ன நெனைக்கீங்கன்னாவது சொல்லுங்க."

தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நீங்க நல்லா இருக்கணும்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி."